மூன்று கொளுக்கி வைத்த முக்காடு

முன்னறையில் பொத்தான் டின் கவிழ்ந்து, சிமெந்துத் தரையெங்கும் பொத்தான்கள் உருண்டோடும் சத்தம் கேட்டது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த எமில்டா அப்படியே நின்றாள். அடுத்து, “யா அல்லாஹ்!” என்று ஒரு குரல்.

ஓடி வந்து பார்த்தாள். தன் மகளின் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கவென்று கல்முனைக்குடியிலிருந்து அன்றுதான் முதன்முதலாக வந்திருந்த சுஹறா, தையல் மெசினருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், எமில்டா பாதி தைத்து, கொக்கி மாட்டி வைத்திருந்த நீல முக்காடு.

“என்ன ராத்தா, தலை சுத்துதா?”

“இல்ல புள்ள. இது ஆருக்குத் தைக்கிற?”

“கோயில்ல நத்தார் நாடகத்துக்கு. மாதாவா நடிக்கிற பிள்ளைக்கு.”

“கழுத்தடியில மூணு கொளுக்கி. இப்பிடித் தைக்க ஆருகிட்டப் பழகின?”

“ஒருத்தரிட்டயும் பழகல்ல. பிள்ளைகள் ஓடியாடினாலும் கழராம இருக்கட்டும் எண்டு நானாத்தான் வைக்கிற. ஏன் கேக்கிறீங்க?”

சுஹறா நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“இதே போல ஒண்ட நான் எண்ட கையால கழட்டியிருக்கன்கா. கடல் வந்த அண்டைக்கு.”

எமில்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வாழ்க்கை அந்தச் சுவருக்குள்ளேயே ஓடிய வாழ்க்கை. கணவன் குணத்துக்குத் தபால் கந்தோரில் வேலை. மூத்தவள் தர்மிகா, இளையவள் ஜெனிற்றா. இயேசு பிறந்த நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கினால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாலையில் இலை வளையத்தில் மெழுகுதிரி ஏற்றி, ஒரு நாளைக்கு ஒருவர் முறை வைத்து வேதப்புத்தகம் வாசிப்பார்கள். வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவரும் அதைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். “எனக்கு இண்டைக்கு ஒண்டும் வரல்ல” என்று எவரும் தப்ப முடியாது. புதன்கிழமை ஜெனிற்றாவின் முறை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, எட்டு வயது ஜெனிற்றாவை நாடகத்தில் மாதாவாக நிறுத்தினார்கள். கழுத்தடியில் மூன்று கொளுக்கி வைத்து அவளுக்கு முக்காடு தைத்துக் கொடுத்தவளும் எமில்டாதான். வானதூதர் மரியாளிடம் வந்த பகுதியை அவள் வாசித்து முடித்ததும் தர்மிகா கேலியைத் தொடங்கினாள்.

“முன்பல்லு ரெண்டும் இல்லாத மாதா! சிரிச்சிராதடி, வானதூதர் பயந்து பறந்திருவாரு.”

“மாதாக்கு அப்ப பல்லு இருந்ததெண்டு இதில எழுதியிருக்கா?” என்று புத்தகத்தை நீட்டினாள் சின்னவள். பிறகு கழுத்துச் செயினில் தொங்கிய சிலுவையைத் தடவியபடி கேட்டாள். “அம்மா, இயேசு இன்னும் பிறக்கவே இல்லையே. அப்ப மாதாட கழுத்தில எப்பிடிச் சிலுவை வந்த?”

வீடே சிரித்தது. “பங்குச் சுவாமியிட்டத்தான் கேக்கோணும்” என்றான் குணம். ஆனாலும் பிள்ளை சொன்னது சரிதானே! நாடகத்துக்கு முதல் எமில்டாவே தன் கையால் அந்தச் செயினைக் கழற்றி வைத்தாள்.

நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா உடுப்போடுதான் பூசைக்கும் வருவேன் என்று அடம்பிடித்தாள் பிள்ளை. பூசை முடிந்ததும், கடற்கரை ஒழுங்கையில் இருந்த ஞானத்தாய்க்கு உடுப்பைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஓடினாள்.

அவ்வளவுதான். அந்த ஒழுங்கையே மிஞ்சவில்லை.

எமில்டா தேடாத ஆஸ்பத்திரி இல்லை. யாரும் அடையாளம் காட்டாத உடல்களை ஜேசீபியால் தோண்டிய ஒரே கிடங்கில் இறக்கியபோது, அதன் விளிம்பில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எவரோ ஒருவர், ஒரு பெண்பிள்ளையை உயிரோடு வாகனத்தில் ஏற்றிப் போனதைக் கண்டேன் என்றார். வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்தில் இருக்கலாம் என்றார். ஒரு தாய்க்கு அது போதாதா? யுத்தம் முடிந்ததும், வன்னிச் சனங்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்குப் போய், முட்கம்பிக்கு வெளியே நின்று ஜெனிற்றாவின் வயதுப் பிள்ளைகளையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். திருவருகைக் காலத்துப் புதன்கிழமைகளில் திரி எரியும், புத்தகம் திறந்திருக்கும், எவரும் வாசிப்பதில்லை. அவள் வந்து வாசிப்பாள் என்று எமில்டா சொல்லிவிட்டாள். சிலுவையைக் கழற்றியதால்தான் ஆண்டவர் பிள்ளையைக் கைவிட்டார் என்று மட்டும் மனதுக்குள் வெந்துகொண்டே இருந்தாள்.

இன்றும் ஒரு புதன்கிழமை.

“சொல்லுங்க ராத்தா” என்றாள் எமில்டா.

“அண்டைக்குப் பொம்புளப் புள்ளைகளக் குளிப்பாட்ட எங்களப் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டாங்க. கடக்கர மதறசாவுக்கு ஓதப் போன புள்ளைகள் எல்லாம் மய்யித்தாக் கிடந்த. அதுகளுக்க ஒரு புள்ள. உடுப்பெல்லாம் கிழிஞ்சு போச்சு, முக்காடு மட்டும் அசையல்ல. ஒரு முடி வெளிய தெரியல்ல. எந்த உம்மா இவ்வளவு பேணுதலா வளத்தாளோ எண்டு நான் அழுதன்கா.”

“பல்லு?”

சுஹறா தயங்கினாள். “முன்னுக்கு ரெண்டும் இல்ல.”

எமில்டா கதறவில்லை. மெல்ல மண்டியிட்டு, சுஹறாவின் இரண்டு கைகளையும் எடுத்து விரித்து வைத்துப் பார்த்தாள். தன் பிள்ளையைக் கடைசியாகத் தொட்ட கைகள்! ஐந்து வருடமாக ஊரெல்லாம், காடெல்லாம் தேடிய பதில், நடந்து போகும் தூரத்தில் இந்தக் கைகளில் இருந்திருக்கிறது.

“என்ன செஞ்சீங்க? ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

“மண்ணெல்லாம் போகக் கழுவின. கடைசித் தண்ணிக்குக் கற்பூரம் போட்ட. தலமுடிய மூணு பின்னலாப் பின்னி முதுகுப் பக்கம் விட்ட. வெள்ளைத் துணியில கபனிட்டம். கிடங்கில போடல்ல புள்ள. தனிக் கபுறு. தேடி ஒருத்தரும் வராததால எங்கட உம்மாக்குப் பக்கத்தில வச்சம். எண்ட மனிசன் பெருநாளைக்குப் போனா, உம்மாக்கு ஓதிட்டு அந்தப் புள்ளைக்கும் ஓதிட்டுத்தான் வருவாரு.”

வாசலில் குணமும் தர்மிகாவும் நின்றிருந்தார்கள். எப்போது வந்தார்களோ தெரியவில்லை. குணத்தின் முகம் கறுத்திருந்தது.

“செயின் கழுத்தில இருந்திருந்தா, எங்கட கோயில் சேமக்காலையில எண்டாலும் அடக்கியிருப்பம்.”

“இல்லாட்டி அந்தக் கிடங்குக்குள்ள கிடந்திருப்பாள்” என்றாள் எமில்டா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் பாரம் அவளுக்கே விளங்கியது. கைவிடப்பட்டாள் என்று நினைத்த பிள்ளை, வேறொரு தாயின் கையில் குளித்து, தலை பின்னி, பெயர் தெரியாதவர்களின் துஆவோடு உறங்கியிருக்கிறாள்.

“நான் சுவாமியோட கதைக்கிறன். தோண்டி எடுத்துச் சேமக்காலைக்குக் கொண்டு வருவம்” என்றான் குணம்.

சுஹறா எழுந்து நின்றாள். “உங்கட புள்ள தம்பி. கேட்டா, எங்கட ஆக்களோட நானே கதைக்கிறன்.”

மூவரும் எமில்டாவைப் பார்த்தார்கள்.

“வேணாம். ஒருக்காக் கடல் எடுத்தது போதும். இனி ஒருத்தரும் அவளை எடுக்க வேணாம்.”

குணம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். ஐந்து வருடத்தில் அவன் அழுததை அன்றுதான் தர்மிகா கண்டாள்.

இருட்டத் தொடங்கியது. எமில்டா திரிகளை ஏற்றினாள். புத்தகத்தை எடுத்து, வானதூதர் மரியாளிடம் வந்த பகுதியைத் தானே வாசித்தாள். எழுத்துகள் கண்ணீரில் கரைந்தன; மனப்பாடமாகச் சொல்லி முடித்தாள். மரியாளின் பெயர் வந்தபோது சுஹறா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

“எனக்கு இண்டைக்கு ஒண்டும் வரல்ல” என்றாள் தர்மிகா. ஒருவரும் அவளைக் கண்டிக்கவில்லை.

“ஏதும் சொல்லுங்க ராத்தா” என்றாள் எமில்டா.

“நான் என்னத்தச் சொல்ல? மர்யம் அலைஹஸ்ஸலாம்ட வேசம் போட்ட புள்ளையவா குளிப்பாட்டினன் எண்டு நெஞ்சு நடுங்குது.” எரியும் திரியைப் பார்த்தபடி தொடர்ந்தாள். “எங்கட வேதத்திலயும் அவங்கட கத இருக்கு. புள்ள பெற நோவு கண்ட நேரம் ஒரு பேரீச்சமரத்தடியில தனியத்தான் இருந்தாங்களாம். பக்கத்தில ஒரு மனிசரும் இல்லையாம்.”

“என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நீங்க இருந்தீங்க” என்றாள் எமில்டா.

சுஹறா புறப்பட்டாள். சட்டை அளவை இருவருமே மறந்துவிட்டார்கள். வாசற்படியில் நின்று, “விடிய வாங்க. எண்ட மனிசன் கபுறைக் காட்டித் தருவாரு. நான் வாறன் புள்ள” என்றாள்.

“ஓம் ராத்தா. பாத்துப் போங்க.”

அவளுடைய செருப்புச் சத்தம் ஒழுங்கை முனையில் தேயும்வரை எமில்டா நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். கடல் வந்த நாளிலிருந்து, எந்நேரம் பிள்ளை வந்தாலும் தள்ளினால் திறக்கட்டும் என்று, அந்தக் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் போட்டதே இல்லை.

அன்று போட்டாள்.