டயர் வைத்த வீடு

நம் வீட்டை இடிக்க வந்த அதிகாரி, முதல் வேலையாக டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. பிள்ளைகளே, அப்போது நீங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தீர்கள். வீடு ஆடியதில் சின்னவன் குழம்பைத் தொடைமேல் கொட்டிக்கொண்டு அழுதான். அதிகாரிக்கு அது காதில் விழவில்லை. டயருக்கு மேலே குழந்தை அழுவதைப் பற்றி அவர் படித்த சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

பள்ளிக்கூடத்தில் உங்களை "டயர் வூட்டுப் பசங்க" என்று கூப்பிடுவதாகப் பெரியவள் வந்து சொன்னாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். கோர்வையாக எழுத வராது. ஆனால் நமக்கு ஏன் இப்படி ஒரு வீடு வந்தது என்பதை வேறு யாரோ கேலியாகச் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, நான் சொல்வது மேல்.

நாம் முன்பு இருந்தது ஏரிக்கரையை ஒட்டி. சர்க்கார் கணக்கில் அது ஏரிப் புறம்போக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் என் அப்பாவுக்குக் கைகாட்டிய இடம். அந்த மண்சுவர் வீட்டுக்கு ஊராட்சி வருஷா வருஷம் வீட்டு வரி வாங்கியது. கரண்ட் கொடுத்தார்கள். ரேஷன் கார்டில் அந்த விலாசம்தான். ஓட்டுக் கேட்டு அந்த வாசலில் கும்பிடு போடாத கட்சி கிடையாது. பிறகு ஒருநாள், ஏரியை மீட்கப் போகிறோம் என்று வந்து ஒவ்வொரு சுவரிலும் சிவப்புப் பெயின்ட்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். வரி வாங்கிய வரைக்கும் அது ஏரி என்று அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

நான் வெல்டர். டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறையில் வேலை. சுவரில் நம்பர் விழுந்த அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. திருப்புலிவனம் தாண்டி ஒரு பண்ணை விடுதி. பட்டணத்திலிருந்து வந்து தங்குகிறவர்களுக்காகச் சக்கரம் வைத்த சின்ன வீடுகள் வேண்டுமாம். உள்ளே கட்டில், குளியலறை, ஏசி எல்லாம். அந்த விடுதியின் மேனேஜர் சக்கரத்தில் மட்டும் குறியாக இருந்தார்.

"கீழ சக்கரம் கண்டிப்பா இருக்கணும்பா. ஓடணும்னு இல்ல. இருந்தா போதும்."

"ஓடாத சக்கரம் எதுக்கு சார்?"

"சக்கரம் இருந்தா அது கட்டடம் இல்லப்பா. பிளான் அப்ரூவல் வாணாம், சுத்தி எடம் வுட வாணாம், எவனும் வந்து டேப்பு புடிக்க மாட்டான்."

வழுக்கையான பழைய டயர்களைத் தேடிப் பிடித்து, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டிக் கொடுத்தோம். அந்த வீடுகள் அன்று வைத்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. சக்கரத்தைச் சுற்றிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். கரண்ட் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு. ஒரு அதிகாரியும் போய் அந்த டயரை உதைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. சக்கரம் இருந்தால் கட்டடம் இல்லை. கட்டடம் இல்லை என்றால் இடிக்க முடியாது. அவருக்கு ஆகிற சட்டம் எனக்கும் ஆகும் என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். எட்டாவது படித்தவனுக்கு வருகிற யோசனை அவ்வளவுதான்.

பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு டிரெய்லர் அடிச்சட்டத்தை முதலாளி எனக்கு விட்டுக்கொடுத்தார். அதன்மேல் இரும்புப் பைப்பால் கூடு கட்டினேன். வெளியே தகரம், உள்ளே பிளைவுட், நடுவில் சூடு இறங்காமல் தெர்மாகோல். உங்களுக்குப் படுக்க மேலே ஒரு பரண். பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். உங்கள் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்தாள்.

"நெலவாசல் இல்லாத வூட்ல நான் கால் வெக்க மாட்டேன்."

"வண்டிக்கு எதுக்கும்மே நெலவாசல்? தகரக் கதவு போதும்."

"அப்ப நீ வண்டியில குடி இரு. நானும் புள்ளைங்களும் வூட்ல இருக்கோம்."

வேப்பமரத்தில் நிலை செய்து வைத்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, உள்ளே பால் பொங்க வைத்தாள். அதே நேரத்தில் கீழே என் முதலாளி நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். "வண்டின்னா எலுமிச்சம் பயம் நசுக்காம ராசியாவாது" என்றார். மேலே பால் பொங்கியது, கீழே பழம் நசுங்கியது. சாமிக்கு அதில் எந்தக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. குழப்பமெல்லாம் ஆபீசில்தான்.

ஊராட்சி ஆபீசுக்குப் போய், இந்த வீட்டுக்கு வரி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். வரி ரசீது இருந்தால்தான் கரண்டும் விலாசமும். செயலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அஸ்திவாரம் எங்கப்பா?"

"அச்சு கீது சார்."

"அச்சுக்கெல்லாம் வரி போட முடியாது. அப்ரூவல் பிளான் எங்க? ரூம் இந்த அளவுக்குக் குறையக் கூடாதுன்னு ரூல் இருக்கு. சுத்தி இவ்ளோ எடம் வுடணும்னு இருக்கு. செப்டிக் டேங்க் வேணும். உன்கிட்ட இன்னா இருக்கு?"

"மண்ணு வூட்லயும் இது ஒண்ணும் இல்லியே சார். வருஷா வருஷம் வரி வாங்கினீங்களே."

"அது பழைய வீடுப்பா" என்றார். பழசாகிவிட்டால் ரூல் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மனிதன் கால் நீட்டிப் படுக்க இத்தனை அடி வேண்டும் என்று பெரிய ஊரில் உட்கார்ந்து யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. அந்த இத்தனை அடி நிலம் இல்லாதவன் எங்கே படுப்பான் என்பதற்கும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். மை தீர்ந்துவிட்டதோ என்னவோ.

வீடு இல்லை என்றால் வண்டி என்றாவது எழுதித் தரட்டும் என்று வட்டாரப் போக்குவரத்து ஆபீசுக்குப் போனேன். போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கோயில் தேரா?"

"டிரெய்லர் சார். மேல வூடு."

"டிரெய்லர்ல மூட்டதான் ஏத்தலாம். ஆளு ஏத்துனா கேசு. நீ குடும்பத்தையே ஏத்தி வெச்சிகினு, உள்ள கேஸ் சிலிண்டர் வேற வெச்சிருக்க. இதுக்கு நான் நம்பர் குடுத்தா என்னிய தூக்கி உள்ள போட்ருவாங்க."

"அப்ப இது வண்டி இல்லியா சார்?"

"வண்டியாவே இருந்தாலும் ரோட்ல வரக் கூடாத வண்டி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆக அது வீடும் இல்லை, வண்டியும் இல்லை. அப்படி இருப்பதே நமக்கு நல்லது என்று நான் நினைத்தேன். எந்தச் சட்டத்திலும் இல்லாததை எந்தச் சட்டத்தை வைத்து இடிப்பார்கள்? இடிக்க வருகிற அன்று டிராக்டரில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று தெம்பாக இருந்தேன்.

இடையில் மழைக்காலம் வந்தது. நிலைவாசல் தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருந்ததால் செங்கல் அடுக்கிப் படியாக வைத்திருந்தோம். அதில் பெரியவள் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அதுவுமில்லாமல், வாசலுக்கும் தரைக்கும் நடுவில் வெற்றிடமாக இருந்தால் கோலம் எந்த வாசலுக்குப் போட்டதாகக் கணக்கு என்று உங்கள் அம்மாவுக்கு ஒரு உறுத்தல். லட்சுமி படி ஏறி வருவாளே தவிர எகிறிக் குதித்து வரமாட்டாள் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சிமென்ட் குழைத்து மூன்று படி கட்டினேன். மேல்படியை நிலைக்கட்டையோடு சேர்த்துப் பூசி, கீழே ஒரு சின்னத் தரையும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவள் போட்ட கோலம் அவ்வளவு பெரியது.

ஜேசிபி வந்த அன்றுதான் அந்த அதிகாரி வந்து டயரை உதைத்தார். பக்கத்து வீடுகளிலிருந்து சாமான்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. முதலாளி டிராக்டரோடு தயாராக நின்றார். நான் அதிகாரியிடம் போய், "இது வண்டி சார், நாங்க இட்டுகினு போயிட்றோம்" என்றேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். குனிந்து, மேல்படியும் நிலையும் சேருகிற இடத்தில் நகத்தால் சுரண்டினார்.

"சிமென்ட் போட்டு நிலத்தோட சேத்திருக்கே. இது கட்டடம்."

"கட்டடம் இல்லன்னு ஊராட்சியில சொன்னாங்க சார்."

"அவங்க சொன்னது வரிக்கு. நான் சொல்றது இடிக்க."

இந்த இரண்டு வாக்கியத்தையும் மறந்துவிடாதீர்கள். எத்தனையோ புத்தகம் போட்டு அவர்கள் எழுதிவைத்திருப்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஒரு வீடு எது என்று நிச்சயம் செய்வது சுவரும் கூரையும் இல்லை, கேட்கிறவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதுதான். விடுதிக்காரருக்குச் சக்கரம் குடை பிடித்தது. அதே சக்கரம் நமக்குக் கரண்டைத் தடுத்தது, விலாசத்தைத் தடுத்தது, ஜேசிபியை மட்டும் தடுக்கவில்லை.

பெயின்ட் டப்பா வைத்திருந்தவர் நம் தகரத்தில் நம்பர் போட வந்தார். உங்கள் அம்மா உங்களைக் கீழே இறக்கிவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் இருந்த கடப்பாரையை வாங்கி வந்தாள். கோலம் போட்ட தரையில் நின்றுகொண்டு படியை இடிக்க ஆரம்பித்தாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. மேல்படி நிலையைவிட்டுப் பிரிந்து விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இப்ப இன்னா சார் இது?"

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெயின்ட் டப்பாக்காரரை அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார். "லட்சுமி வர்றதா இருந்தா இனிமே எகிறிக் குதிச்சி வரட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உங்கள் அம்மா கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கப் போய்விட்டாள்.

டிராக்டரில் மாட்டினோம். வீடு நகர்ந்தது. ரோட்டில் ஏறுகிற இடத்தில் கூட வந்திருந்த போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நம்பர் இல்லாத வண்டி ரோட்டில் வரக்கூடாதாம். அரைமணி நேரத்துக்கு முன்னால் கட்டடமாக இருந்தது, இப்போது நம்பர் இல்லாத வண்டி ஆகிவிட்டது. என் முதலாளி டிராக்டரைவிட்டு இறங்கவே இல்லை.

"பட்டறைக்கு ரிப்பேருக்குப் போவுது சார். அரகொற வேல. முடிச்சாதான நம்பர் வாங்க முடியும்?"

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு வழி விட்டார். அரைகுறை என்று சொன்னதும் போக விட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எரிச்சலோடு எழுதியிருக்க மாட்டேன். அன்று வீடு இடிந்தவர்களுக்கெல்லாம் வேறு இடத்தில் மனை தருவதாகப் பெயர் எழுதினார்கள். தண்ணீர் இல்லாத மேட்டுக்காடுதான், இருந்தாலும் பட்டா உண்டு. நானும் தாலுகா ஆபீசில் போய் நின்றேன். அங்கே இருந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"உன் மண்ணு வீடு காலியாக் கிடந்ததுன்னு எழுதியிருக்கு. நீ வேற வீட்டுக்குப் போயிட்ட."

"அந்த வேற வீடும் அங்கதான் சார் இருந்துச்சி."

"அது இடிபடலியேப்பா. இடிபட்டாதான் மனை."

இரண்டு பிள்ளைகளோடு ஒருவன் இருந்த வீட்டைக் காப்பாற்றினால் அவனுக்கு மனை கிடையாது. இடிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருந்தால் உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னபோது உங்கள் அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "கடப்பாரைய எடுத்தது தப்புங்கிறியா?" என்றாள். இல்லை என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

இப்போது பட்டறைக்குப் பின்னால் நிற்கிறோம். கரண்ட் பட்டறை லைனிலிருந்து வருகிறது. யாராவது வந்து இது என்ன என்று கேட்டால், ஆர்டர் வேலை, இன்னும் முடியவில்லை என்று முதலாளி சொல்லிவிடுவார். பட்டறையில் முடியாத வேலை நிற்கக் கூடாது என்று மட்டும்தான் ஒருவரும் இன்னும் ரூல் போடவில்லை. அதற்காகவே நாலாவது சக்கரத்தை நான் கழற்றி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வீட்டை ஜாக்கிதான் தாங்குகிறது. மாட்டினால் முடிந்த வேலை. முடிந்த வேலையை வெளியே எடுக்க வேண்டும். வெளியே நமக்கு இடம் கிடையாது.

போன வாரம் வேறொரு அதிகாரி ஆபீஸ் டிரெய்லர் கொக்கிக்கு வெல்டிங் வைக்க வந்தார். ஜன்னலில் பாவாடை காய்வதைப் பார்த்துவிட்டு, "எப்பப்பா இதோட டெலிவரி?" என்று கேட்டார்.

"வேல நடந்துகினு கீது சார்" என்றேன்.

பெரியவளே, அப்போது நீ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாய். இனிமேல் சிரிக்காதே. உனக்குக் கல்யாண வயது வந்தாலும் இந்த வேலை முடியாமல் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.