கோடி கோடி டாலர் நோட்டு

வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அடுத்தவர் பணத்தைப் பார்த்து ஆசை வராது, பயம்தான் வரும். கள்ள நோட்டை வாங்கிவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். நல்ல நோட்டைக் கள்ள நோட்டு என்றால் சட்டையைப் பிடிப்பார்கள். வங்கியிலோ அடகுக் கடையிலோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அவஸ்தைப்படும் சகோதரர்களே, உங்களுக்கு இது புரியும். நேரு வீதிப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் கடை. யூரோவும் டாலருமாகப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களிடம் ஜிம்பாப்வே நோட்டு வந்து சேர்ந்த கதை இது.

காலாவதித் தேதி

முதலில் கொண்டுவந்தவர் அந்த நாட்டில் பல வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கவரில் இருந்ததைக் கண்ணாடி மேல் பரப்பினார். பழைய நோட்டுகளில் சின்னத் தொகைதான். அடுத்து வந்த நோட்டுகளில், மாத்திரை அட்டையில் இருப்பதுபோல, இந்தத் தேதி வரைதான் செல்லும் என்று அச்சடித்திருந்தது. நோட்டுக்குக் காலாவதியா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. விலை ஏற ஏற, அரசாங்கம் பூஜ்யங்களை வெட்டிவிட்டுப் புது நோட்டு அடிக்குமாம். முதலில் மூன்று பூஜ்யம், அப்புறம் பத்து, அப்புறம் பன்னிரண்டு. கடைசியில் சொந்த நோட்டையே கைவிட்டு அமெரிக்க டாலரில் அரிசி வாங்கினார்களாம். ரொட்டிக்கு வரிசையில் நிற்பாராம். இவர் கதவருகே போவதற்குள் பலகையில் விலையை அழித்து வேறு எழுதிவிடுவார்களாம். இதில் ஏதாவது செல்லுமா என்று கேட்டார். செல்லாது என்றேன். கவரை மடித்துக்கொண்டே சொன்னார்: "சிரிக்காதீங்க தம்பி. நாங்களும் பேப்பர்ல வேற நாட்டுக் கதையப் படிச்சப்ப இப்படித்தான் சிரிச்சோம்."

நீல விளக்கு

எங்கள் கடைக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருபவர் முத்தியால்பேட்டை செல்வி அக்கா. அவர் கணவர் தனபால் மாமா, மில் மூடியதிலிருந்து ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன். ஒருநாள் மாமா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கவருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பூஜை போட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு நோட்டு. ஒரு பக்கம் அடுக்கி வைத்த பாறை, மறுபக்கம் அருவியும் எருமையும். ஒன்றுக்குப் பின்னால் பதினான்கு பூஜ்யம். நம் கணக்கில் கோடி கோடி டாலர்.

அவர் கேட்டது ஒன்றுதான், இது அசலா? நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல விரலால் தடவி, சாய்த்துப் பார்த்து, கள்ள நோட்டைக் காட்டிக்கொடுக்கும் நீல விளக்கடியில் வைத்தேன். "நோட்டு ஒரிஜினல்தான் மாமா. ஆனா செல்லாது, அந்த நாடே இத ரத்து பண்ணிடுச்சு," என்றேன். 'ஒரிஜினல்' என்றதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. மிச்சம் காதில் ஏறவில்லை. இந்தத் தொழிலில் நாம் சொல்லும் இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்பதில்லை. அக்காவின் சங்கிலியைக் கொடுத்து இந்த நோட்டை வாங்கினாராம். வீட்டை எழுதிக் கொடுத்தால் ஒரு பெட்டி நிறைய வருமாம். வேண்டாம் மாமா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உதறிவிட்டுச் சொன்னார்: "பொறாமப்படாத மாப்ள, பெட்டி வந்ததும் ஒனக்கும் ஒண்ணு தரேன்."

பலகையைப் பார்க்காத ஆள்

எங்கள் கடைக்குள் வருகிற எவரும் முதலில் பார்ப்பது அன்றைய ரேட் எழுதிய பலகையைத்தான். பார்க்காமல் நேராக வருகிறவரைக் கண்டால் எனக்கு உதறல் எடுக்கும். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அப்படித்தான் வந்தார். நான் தனியாக இருந்த நேரம். மாமாவுக்கு நோட்டு விற்றது தான்தான் என்று அவரே சொன்னார். நான் அசல் என்று சொன்னதால் இன்னும் நாலு பேருக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம், அதற்கு நன்றியாம்.

செல்லாது என்றும் சொன்னேனே என்றேன். அவர் கண்ணாடியில் கையை ஊன்றிக் குனிந்தார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "ஒரிஜினல்னு உண்மையத்தான சொன்னீங்க சார், அதோட நிறுத்திக்குங்க. ஒங்க பாப்பா ஸ்கூலுக்குக் கதிர்காமம் பஸ்ஸுலதான போவுது? கூட்டம் ஜாஸ்தி, பாத்துக்குங்க."

கால்குலேட்டர்

முதலாளியிடம் சொன்னேன். நமக்கேன் வம்பு என்று நீல விளக்கை டிராயருக்குள் வைக்கச் சொன்னார். போலீசுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. மகளை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். வீடு செல்வி அக்கா பெயரில் இருந்தது. திங்கட்கிழமை பத்திரப் பதிவு என்று டீக்கடையில் பேச்சு. அக்கா தினமும் சாப்பாட்டோடு வருவார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். எதிரே வெள்ளைச் சட்டை பைக்கில் சாய்ந்து நிற்கும். மூடிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை அக்கா கேரியரைக் கீழே வைத்தார். முந்தானையிலிருந்து அந்தக் கவரை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். "இதுக்கு எவ்ளோ தருவ தம்பி?" எதிரே அந்த ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை தெரியாத வெள்ளைக்காரர்களுக்குத் தொகையைக் கால்குலேட்டரில் தட்டி, அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் அதையே செய்தேன். அக்கா பக்கம் திருப்பிய கால்குலேட்டரில் ஒரே ஒரு பூஜ்யம் இருந்தது.

அதையே வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. என் பார்வை போன பக்கம் திரும்பி, எதிரே நின்ற ஆளை ஒருமுறை பார்த்தார். நோட்டைக் கவருக்குள் போட்டு, கலைந்திருந்த குங்குமத்தை விரலால் சரி செய்து, முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கையெழுத்து நான் போட மாட்டேன். ஆனா இது செல்லாதுன்னு இனிமே அவருகிட்ட சொல்லாத தம்பி. மில்லு மூடுனதுலேருந்து இப்பதான் மனுஷன் ராத்திரியில தூங்குறாரு."

எந்த நாட்டு நோட்டும் ஒருநாள் செல்லாமல் போகலாம், ஆனால் நான் பார்த்தவரை எங்கள் கவுண்டரில் கமிஷன் பிடிக்காமல் முழுசாகக் கைமாறுவது பயம் ஒன்றுதான்.