தீலா கழுவிய சட்டை

தீலா புருஷனைக் கொல்ல வழி சொல்லிக் கொடுத்தவள் என்று குராஸ் ஊரில் பதினாறு வருஷம் பேசினார்கள். வாய் கூசாமல் பேசினார்கள். அவள் தலையில் விறகுச் சுமையோடு போகும்போதே காதில் விழுகிற மாதிரி பேசினார்கள். அவள் ஒரு குற்றம் செய்தவள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் பேசிய குற்றம் வேறு, அவள் செய்தது வேறு.

அவள் புருஷன் பாஷ்க் செத்தது எங்கள் மலையில் துருக்கி சுல்தான் ஆட்சியின் கடைசி வருஷங்களில், புனித நிக்கோலா திருநாளுக்கு மறுநாள். நல்ல உழைப்பாளி, குடித்தால் மட்டும் கை நீட்டுவான். திருநாளுக்குத் தங்கை வீட்டுக்குப் போனவன் விடிந்தும் திரும்பவில்லை. இரண்டு வயது மகன் வுக்சானை மாமியாரிடம் விட்டுவிட்டு தீலா தேடிப் போனாள். ஆலைத் திருப்பத்துக்குக் கீழே, ஓடைக் கற்களில் குப்புறக் கிடந்தான். பாதை முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடந்தது. மேலே அவன் சறுக்கிய தடம் அப்படியே இருந்தது. அவனுடைய ஆஸ்திரியத் துப்பாக்கி அவன் நெஞ்சுக்குக் கீழே கிடந்தது. சாராய நெடி இன்னும் போகவில்லை. வழுக்கி விழுந்திருக்கிறான், துப்பாக்கி வெடித்திருக்கிறது. சின்னக் குழந்தைக்கும் புரிகிற விஷயம்.

புருஷன் செத்த ஆடு மாதிரி முகம் மண்ணில் புதையக் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. புரட்டி மல்லாத்தினாள். முகத்தைத் தலைத்துணியால் துடைத்தாள். துப்பாக்கியை எடுத்து அவன் தலைமாட்டில் வைத்தாள். ஆண் செத்தால் இப்படிக் கிடப்பதுதான் மரியாதை என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள், கை தானாகச் செய்தது. அப்புறம்தான் ஊரைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினாள்.

வினை அங்கேதான். எங்கள் மலையில் ஒருவனைக் கொன்றவன், செத்தவனை மல்லாத்தி, துப்பாக்கியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓடி வந்த ஆண்கள் அதைத்தான் பார்த்தார்கள். பனியையும் தடத்தையும் மிதித்துக் கூழாக்கிவிட்டு, "இது கொலை. செஞ்சவன் முறை தெரிஞ்சவன்" என்றார்கள். மாமனார் துப்பாக்கியைத் திறந்து பார்த்தார்.

"ஒரு தோட்டா கொறையுது பாருங்க! என் மகன் சும்மா சாகல, சுட்டுட்டுத்தான் செத்தான்!"

கிழவர் அழவில்லை. அத்தனை பேர் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். தீலா வாயைத் திறந்தாள். 'உங்க மகன் குடிச்சிட்டு வழுக்கி விழுந்தாரு மாமா, நான்தான் புரட்டிப் போட்டேன்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடினாள். அந்த நாளை வரவே இல்லை.

முறைப்படி கொன்றவன் 'நான்தான்' என்று சொல்லி அனுப்ப வேண்டும். யாரும் சொல்லி அனுப்பவில்லை. தண்ணீர்த் தகராறு இருந்த பக்கத்து வீட்டுக்காரன் பன்னிரண்டு பேரோடு வந்து தான் கொல்லவில்லை என்று சத்தியம் செய்து விலகிக்கொண்டான். பாஷ்க்கின் தம்பி ஜெலோஷ், அண்ணன் உடம்பிலிருந்து ரத்தச் சட்டையைக் கழற்றி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டினான். பழி தீரும்வரை அது அங்கே தொங்க வேண்டும்.

அடுத்த வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். வழக்கப்படி தீலாவை ஜெலோஷுக்குக் கட்டி வைத்தார்கள். அது பாவம் என்று பாதிரியார் இரண்டு ஞாயிறு கத்திப் பார்த்து ஓய்ந்தார். ஊருக்கு அது போதுமே! அண்ணன் பெண்டாட்டிக்காகத் தம்பி கொன்றான், பாஷ்க் எந்த வழியாக வருவான் என்று இவள் சொல்லி அனுப்பினாள் என்றார்கள். கொன்றவனும் செத்தவனும் ஒரே வீடு என்பதால் வெளியார் யாரும் பழி கேட்கத் துணியவில்லை. பேச மட்டும் துணிந்தார்கள்.

ஜெலோஷ் ஒன்றுமே சொல்லவில்லை. ஆண்கள் கூடுகிற இடத்தில் பார்வைகள் தன் மேல் திரும்பினால் குனிந்து காப்பிக் கோப்பையைப் பார்ப்பான். தீலா மேல் அவன் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியைப் பிட்டு முதல் துண்டை அவளுக்கு நீட்டுவான். எந்த ஆம்பளை அப்படிச் செய்வான்? ஓடைக்கரையில் மற்ற பெண்களிடம் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வுக்சானுக்குப் பதினெட்டு வயதானது. அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். எல்லோருக்கும் கையில் கொடுத்த காப்பியை, அவனுக்கு மட்டும் வீட்டுக்காரன் தன் முழங்காலுக்கு அடியில் விட்டு நீட்டினான். பழி தீர்க்காதவனுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள்.

"குடி தம்பி. உங்க வீட்ல சட்டை இன்னும் தொங்குதாமே, காயலையா?"

வுக்சான் குடிக்காமல் எழுந்து வீட்டுக்கு வந்தான். நடுப்பகல். ஜெலோஷ் மேட்டில் ஆட்டுக்கு ஓக் தழை வெட்டப் போயிருந்தான். பையன் அப்பாவின் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி, மடியில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்தான். தீலா மாவைப் பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"என்னடா இது?"

"சித்தப்பா எத்தன மணிக்கு வருவாரு?"

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"டேய், அவரு உன்ன தோள்ல தூக்கி வளத்தவருடா."

"கொன்னுட்டு வளத்தாரு. நீதான வழி சொல்லி அனுப்புன? ஊரே சொல்லுது. நீ பொம்பள, பழின்னு உன்ன எவனும் தொட மாட்டான். அதான் தைரியமா நிக்கிற."

பெற்ற பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்க அவளுக்கு அடுப்பில் கையை வைத்த மாதிரி இருந்தது. ஆனால் அழ நேரமில்லை. பதினாறு வருஷமாகத் தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில் கொட்டினாள். பனி, வழுக்கல், புரட்டியது, துப்பாக்கியை வைத்தது, தாத்தாவின் முகம்.

வுக்சான் சிரித்தான். "இத சொல்ல பதினாறு வருஷம் ஆச்சா? புருஷனக் காப்பாத்தக் கத கட்டுற."

இதைத்தான் அவள் பயந்தாள். பெண் பிள்ளையின் சத்தியத்தை எங்கள் மலையில் யாரும் ஏற்பதில்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். அடுப்புக்கு எதிரே சட்டை தொங்கியது. பழி தீராமல் அதைத் தொடக்கூடாது. பெண் தொடவே கூடாது. மாவுக் கையோடு போய் ஆணியிலிருந்து பிய்த்து எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"எனக்குத் துப்பாக்கி தெரியாது. உனக்குத் தெரியும்ல? பாருடா."

பதினாறு வருஷமாக எல்லோரும் அந்தச் சட்டையில் ரத்தத்தைத்தான் பார்த்தார்கள். வுக்சான் முதல்தடவையாக ஓட்டையைப் பார்த்தான். ஓட்டையைச் சுற்றித் துணி கருகியிருந்தது. தூரத்துக் குண்டு துணியைக் கருக்காது. குழாய் நெஞ்சில் இடித்திருக்க வேண்டும். அப்புறம் அவன் ஒரு காரியம் செய்தான். மூலையில் நின்ற சித்தப்பாவின் பழைய துருக்கித் துப்பாக்கியின் தோட்டாவை எடுத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் தடிமன், உள்ளே போகவே இல்லை. மடியில் இருந்த துப்பாக்கியின் தோட்டாவை வைத்தான். அளவெடுத்த மாதிரி நுழைந்தது.

அப்பாவைக் கொன்ற துப்பாக்கியையே சித்தப்பாவைக் கொல்ல எடுத்தோம் என்று அவனுக்கு உறைத்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, "அம்மா" என்றான்.

வாசலில் தழைக்கட்டு விழுகிற சத்தம் கேட்டது. ஜெலோஷ் எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. அவன் பையனைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"வழுக்கியா விழுந்தான்?"

"ஆமா."

"அந்தச் சட்டையக் கழட்டுனது நான்தான். கருகல அன்னிக்கே பாத்தேன். அவன் துப்பாக்கிதான்னும் தெரிஞ்சுது." அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். "அதுக்கு முந்துன வாரந்தான் அவன் உன் உதட்டக் கிழிச்சிருந்தான். தீலா, நீதான் சுட்டுட்டன்னு நான் நெனச்சேன்."

"என்னது?"

"ஊரு என்னப் பாத்துச்சு. சரி, பாக்கட்டும், உன்னப் பாக்காம இருந்தாப் போதும்னு வாயத் திறக்கல."

தீலாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை, அன்றைக்கே அவள் ஓடைக்கரையில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனுஷன் பதினாறு வருஷம் தலை குனிந்திருக்க வேண்டாமே! தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்தவர்கள் அழும்போது கையைப் பிசைகிறவன் அவன், அப்போதும் பிசைந்தான்.

மறுநாள் ஞாயிறு. வுக்சான் கோவில் முற்றத்தில் ஆண்கள் நடுவில் நின்று சட்டையை விரித்துக் காட்டினான். "எங்கப்பா குடிச்சிட்டு வழுக்கி விழுந்து செத்தாரு. சித்தப்பா மேல ரத்தமில்ல, எங்கம்மா மேல பாவமில்ல" என்றான். சில பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்க விட்டுவிட்டு நின்றான். பாஷ்க்கின் மரியாதை அன்றோடு போயிற்று. அதற்காகத் தீலா சாகும்வரை வருந்தினாள்.

கோவிலிலிருந்து நேரே ஓடைக்குப் போய் அவள் சட்டையைக் கழுவினாள்.

"அடியே, பழி தீராத சட்டையடி!" என்று ஒருத்தி கத்தினாள்.

"பழியே இல்லடி. கறைதான் இருந்துச்சு. நான் வெச்ச கறை" என்றாள் தீலா.

கூட வந்த ஜெலோஷ் வெட்கத்தை விட்டுச் சட்டையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தான். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"ஏய்யா, நான் புருஷனக் கொன்னவள்னு நெனச்ச. அப்புறம் என் கை ரொட்டிய எப்படித் தின்ன?"

அவன் ஓடையைப் பார்த்தான். "மொதத் துண்ட உனக்குத் தருவேன்ல. நீ தின்னு ஒண்ணும் ஆகலன்னாத்தான் நான் தின்பேன்."

அவள் பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "இன்னமும் தர்றியே?"

"அது பயமில்ல. ரெண்டு வருஷத்துல பயம் போயிடுச்சு. பழக்கம் போகல."

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆணி மட்டும் சுவரில் இருந்தது. ஜெலோஷ் ரொட்டியைப் பிட்டு, வழக்கம்போல முதல் துண்டை அவளிடம் நீட்டினான். தீலா அதை வாங்கவில்லை.

"நீ மொதல்ல தின்னு" என்றாள்.

அவன் தின்றான்.