ஆரோக்கியம் அழகாக்கிய பைல்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் நிறைய வரும். இந்த வார இதழின் ஆசிரியர்தான் வாராவாரம் திருத்தி அச்சேற்றுகிறார். இந்த வாரம் எழுதப் போவதும் திருத்துவதைப் பற்றித்தான்...

என் மகள் பவித்ரா கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெகுநாளாக வேலை தேடுகிறாள். போன வாரம் ஒரு கம்பெனி, புரோகிராம் ஒன்றை எழுதி மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. எழுதி முடித்து, பென் டிரைவில் போட்டும் வைத்துவிட்டாள். அனுப்பப் போகும்போது லேப்டாப் உயிரை விட்டது.

நிலக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, திண்டுக்கல்லில் என் நண்பர் ஆரோக்கியத்தின் கடைக்குப் போனோம். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற கடை. பவித்ரா அங்கே பைலைத் திறந்தாள். அதற்குள் போன் வர, வெளியே போனாள்.

ஆரோக்கியம் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன அப்பு, பாப்பா இப்படிக் கோணல்மாணலா அடிச்சு வச்சிருக்கு? கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்? செத்த நேரம் இரு."

பத்திரிகை அடித்துப் பழகிய கை — சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் வேர்டில் போட்டார். உள்ளே தள்ளித் தள்ளி நின்ற வரிகளை ஓரமாக இழுத்து ஒரே கோட்டில் நிறுத்தினார். நேராக நின்ற மேற்கோள் குறிகளை வளைத்தார். பழைய பைலிலேயே திரும்பப் போட்டு சேவ் செய்தார். எனக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பவித்ரா வந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"மாமா... இதைத் தொட்டீங்களா?"

"அழகு பண்ணேன் பாப்பா!"

"அந்த இடைவெளிய வச்சுத்தான் மாமா எந்த வரி எதுக்குள்ள வருதுன்னு மிஷினுக்குத் தெரியும். வளைஞ்ச குறியும் அதுக்குப் புரியாது. வேர்டு, மனுஷங்க படிக்கிறதுக்கு. நாங்க எழுதுறது மிஷினுக்கு. அதுக்கு நோட்பேடு மாதிரி வெறும் எடிட்டர்தான் வேணும்... அது தானா எதையும் மாத்தாது."

வேறு காப்பி இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாக அவள் மறுபடி தள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஆரோக்கியம் உட்காரவே இல்லை. பத்திரிகை கேட்டு வந்தவரை வாசலிலேயே மறித்தார்.

"அப்புறம் வாங்கண்ணே. உள்ள பிள்ளைக்குப் பரீட்சை."

அனுப்பி முடித்தாள். கொஞ்ச நேரத்தில் மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டார்.

திருத்துவது நல்ல காரியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் எழுத்துக்கு அது வேண்டும். ஆனால் நமக்குக் கோணலாகத் தெரிவது, இன்னொருவர் யோசித்து வைத்ததாக இருந்தால்? கேட்காமல் எப்படித் தெரியும்?

நேற்று பதில் வந்தது. அடுத்த இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மெயிலைப் பிரிண்ட் எடுக்க அதே கடைக்குத்தான் போனோம். ஆரோக்கியத்தின் கை மவுஸில் போய் நின்றது. திரும்பி மகளைப் பார்த்தார்.

"பாப்பா... இது இப்படியே இருக்கட்டுமா?"

பவித்ரா சிரித்துவிட்டாள். "இதை அழகு பண்ணுங்க மாமா."

எழுதி முடித்தது: ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, சந்தைக்குப் பூ ஏற்றிய வேன் போன பிறகு.