காலராவில் சாகாத டெனிஸ்

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தால் வார்டே அடங்கிவிடும் என்று அடையாற்று ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்த்த நர்சுகள் இன்றும் சொல்வார்கள். தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். சாந்தோமில் பிறந்தவள், அப்பா வழியில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். கணவர் இறந்த பிறகு மகன் ராபர்ட்டோடு மந்தைவெளியில் இருக்கிறாள்.

அவள் கண்கள் சாம்பல் நிறம். சின்ன வயதில் குப்பத்துப் பையன்கள் "பூனக்கண்ணி, வெள்ளக்காரன் போட்ட குட்டி" என்று கத்துவார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா ஒரு கதை சொல்வார். எள்ளுத்தாத்தா டெனிஸ் ஹேகர்ட்டி, அயர்லாந்துக்காரர், பரங்கிமலைப் பட்டாளத்தில் சிப்பாய். குப்பத்துப் பெண்ணை விரும்பினார், பிள்ளையும் பிறந்தது. கல்யாணத்துக்குப் பங்குச் சாமியாரிடம் நாள் கேட்டிருந்தபோது காலரா வந்து செத்துப்போனார். "அவரு மட்டும் இருந்திருந்தா உன்ன எவன் பேசுவான்?" என்று அப்பா முடிப்பார்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் டெனிசின் ஆன்மா இளைப்பாற அந்தக் குடும்பம் பூசைக்குப் பேர் கொடுத்தது. தாத்தா கொடுத்தார், அப்பா கொடுத்தார், பிறகு ஜெசிந்தா கொடுத்தாள்.

ராபர்ட்டுக்குப் பெருங்குடியில் ஐ.டி. வேலை. கூட வேலை செய்பவர்கள் விளையாட்டாகப் பூர்வீகம் பார்க்க எச்சில் சோதனைக்கு அனுப்பியபோது அவனும் அனுப்பினான். அயர்லாந்தில் நோரா என்ற ஓய்வு பெற்ற ஆசிரியையின் மரபணுவோடு அவனுடையது ஒத்துப்போனது. நோரா, டெனிசின் கொள்ளுப்பேத்தி. குடும்பத்தின் பழைய பதிவுகளைத் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தவள். கண்டுபிடித்ததையெல்லாம் ராபர்ட்டுக்கு அனுப்பினாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் அவன் அதை அம்மாவிடம் காட்டினான். முதலில் ஞானஸ்நானப் பதிவு. குழந்தை ஜோசப், தகப்பன் டெனிஸ். தாய் என்ற இடத்தில் 'இந்நாட்டுப் பெண்' என்று மட்டும் இருந்தது. அடுத்தது, முப்பது வருஷம் கழித்து அயர்லாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு.

"அம்மா, அவரு காலராவுல சாவலமா."

"பின்ன?"

"பட்டாளம் திரும்பிப் போச்சு. கூடவே அவரும் போய்ட்டாரு. ஊர்ல கல்யாணம் பண்ணிக்கினு ஏழு புள்ளைங்க. கெழவனாயி வூட்லதான் செத்தாரு."

ஜெசிந்தா எழுந்து தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். பிறகு திரும்பினாள்.

"பூச வச்சமேடா! உயிரோட கீறவனுக்குப் பூச! அவன் அங்க குந்திக்கினு உருளக்கெழங்கு துன்னப்ப, இங்க எங்க தாத்தன் அவனுக்கு மெழுகுவத்தி ஏத்திக்கினு இருந்தாரு!"

காலராக் கதையை யார் கட்டியிருப்பார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. விட்டுப்போன அப்பனைவிடச் செத்துப்போன அப்பன் பிள்ளைக்கு மேல் என்று அந்தக் குப்பத்துப் பெண் நினைத்திருப்பாள். அந்தப் பொய்க்காக அவள்மீது கோபப்பட ஜெசிந்தாவால் முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து டெனிஸ்மீதே போனது.

மறுநாள் காலையிலேயே மாதாகோவில் ஆபீசுக்குப் போய், "டெனிஸ் பேர எடுத்துடு" என்றாள்.

"ஏன் சிஸ்டர், வருஷா வருஷம் குடுப்பீங்களே?" என்று அங்கே இருந்த பெண் கேட்டாள்.

"அவனுக்கு வேண்டிக்க அவன் ஊர்ல ஆளுங்க கீறாங்க. எடு."

ஜனவரியில் நோரா சென்னைக்கு வந்தாள். அவளுக்கும் சாம்பல் கண்கள். வாசலிலேயே ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு நடுவே நோரா ஒரு பெரிய தாளை விரித்தாள். குடும்ப மரம். டெனிஸ் பெயருக்குக் கீழே, 'இந்தியாவில் சிறப்பாகப் பணியாற்றித் தாயகம் திரும்பினார்' என்று இருந்தது. ஊரில் பிறந்த ஏழு பிள்ளைகளுக்கு முழுக்கோடு, ஜோசப்புக்கு மட்டும் புள்ளிக்கோடு.

"இதுல அவன் பண்ணது எங்க?" என்று ஜெசிந்தா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அந்தக் காலத்தில் எல்லாச் சிப்பாய்களும் அப்படித்தானே இருந்தார்கள்" என்றாள் நோரா மெதுவாக.

கோபம் எல்லை மீறினால் ஜெசிந்தாவுக்கு ஆங்கிலம் வராது.

"எல்லாருமா? எனக்கு எல்லாரும் வேணாம். இவன் இன்னா பண்ணான்? கைக்கொழந்தையோட ஒருத்திய வுட்டுட்டு கப்பல் ஏறிட்டான். அத எழுதச் சொல்லு!"

அம்மா வருத்தப்படுகிறாள் என்று ராபர்ட் மொழிபெயர்த்தான்.

"டேய்! நான் வருத்தம்னா சொன்னேன்? எனக்கு இங்கிலீஷ் புரியாதா? நான் சொன்னத சொல்லு."

ராபர்ட் சொன்னான். நோராவின் முகம் சிவந்தது. அயர்லாந்துக் கோடையில் குடும்பம் முழுக்க ஒன்றுகூடப் போகிறது, இந்தத் தாளைத்தான் மாட்டப் போகிறார்கள், அவளுடைய அண்ணன் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள்.

"அப்ப எங்க பேர எடுத்துடு. எழுதுனா முழுசா எழுது. இல்லன்னா எங்கள வுடு."

நோரா தட்டைப் பாதியில் விட்டுக் கிளம்பினாள். ராபர்ட் அம்மாவோடு பேசாமலே சில வாரங்கள் ஆபீஸ் போய்வந்தான்.

ஜூலையில் நோரா படம் அனுப்பினாள். மண்டபச் சுவரில் மாட்டிய தாளில், டெனிசின் பெயருக்குக் கீழே புது வரிகள்: 'சென்னையில் ஒரு பெண்ணையும் தங்கள் மகன் ஜோசப்பையும் கைவிட்டு வந்தார். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.' ஜோசப்புக்கு இப்போது முழுக்கோடு. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சாப்பிடாமலே எழுந்து போனாராம். அதற்குப் பிறகு பேசுவதில்லையாம். போனில் இதைச் சொல்லி நோரா அழுதாள்.

ஆறுதல் சொல்ல ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. "நீ சரியாதான் செஞ்ச" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அழுது முடியும்வரை போனை வைக்கவில்லை.

"எழுதிட்டாங்கல்ல, கோவம் போச்சா?" என்று கேட்டான் ராபர்ட்.

"எழுதனது நோராடா. வுட்டுட்டுப் போனவன் ஒரு வார்த்த எழுதுனானா? அவன்மேல கீற கோவம் எனக்கு ஏன் போவணும்?" என்றாள் ஜெசிந்தா.