ரதிக்கு வெள்ளை கட்டிய கை

போன வருஷம் மாசி மாதம், நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எழுத உட்காரும்போதெல்லாம் கோபம்தான் முன்னால் வருகிறது. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் தீபாவளியைவிடக் காமன் கூத்துதான் பெரிது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் பொட்டலில் காமன் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து தினமும் இரவு தப்பு அடித்து ரதி, மன்மதன் கதையைப் பாடி ஆடுவோம். பௌர்ணமி அன்று சிவன் நெற்றிக் கண்ணைத் திறந்து மன்மதனை எரிப்பார். மூன்றாம் நாள், ரதியின் அழுகைக்கு இரங்கி அவனை எழுப்பித் தருவார். எரித்ததோடு விட்டுவிட்டால் தோட்டத்துக்கு ஆகாது என்பது நம்பிக்கை. எரித்த காமனை எழுப்பியே தீர வேண்டும், அதுவும் விளக்கு வைப்பதற்கு முன்னால்.

ரதியாக ஆடுவது ஆண்தான். போன வருஷம் அந்த ரதி நான். மீசையை எடுத்துவிட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆட வேண்டும். காப்பு ஒருவன் கையில் ஏறிவிட்டால் எழுப்புதல் முடியும்வரை வேறு யாரும் அந்த வேஷத்தைத் தொடக் கூடாது. நான் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். லீவு கேட்டபோது முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நாள் முழுக்க சேலைய மடிக்கிறது பத்தாதுன்னு அங்க போயி கட்டிக்க வேற போறியா?" என்று கேலி வேறு. உண்மையைச் சொன்னால் எனக்கு மடிக்கத்தான் தெரியும், கட்டத் தெரியாது. தினமும் எனக்குச் சேலை கட்டிவிட்டது என் அக்கா.

அக்கா எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறவள். அதற்கு முந்தின வருஷம் மச்சான், அதாவது அவள் புருஷன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். காலையில் கத்தியோடு போன மனுஷனை மத்தியானம் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவன் நான். வெள்ளைச் சேலையை வாங்கிக்கொண்டு கொழும்பிலிருந்து ஹட்டன்வரை ரயிலில் வந்து, அதை அவள் தோளில் போர்த்தினேன்.

கூத்து ஒத்திகையில் ஒருநாள் நான் ரதி புலம்பலைப் பாடிக்கொண்டிருந்தேன். அக்கா ஓரமாக நின்று கேட்டுவிட்டு, "புருஷன் செத்தவ இப்படியாடா அழுவா? பாட்டுப் போட்டிக்கு வந்த மாதிரியில்ல பாடுற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மச்சானின் சாவு வீட்டில் அவள் அழுத வரிகளையே எடுத்துச் சொன்னாள். கவ்வாத்துக் கத்தி இருந்த இடத்தில் மன்மதனின் கரும்பு வில்லை வைத்தோம், அவ்வளவுதான் மாற்றம்.

கரும்பு வில்லை எடுத்துக்கிட்டு
காலையில போன ராசா,
ஆக்கி வச்ச சோறு இன்னும் ஆறலயே,
அதுக்குள்ள நீ ஆறிப்போனியே.

போயா, அதாவது பௌர்ணமி அன்று இரவு காமனை எரித்தோம். சாம்பலைச் சுற்றி வந்து நான் அந்த வரிகளைப் பாடினேன். கூத்துக்காரர்களே அழுதார்கள். கோயில் கமிட்டித் தலைவர் முன்னாள் கங்காணி, யாருக்கும் அசையாத மனுஷன். அவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் ரதியின் பூவையும் பொட்டையும் எடுத்து, தாலியை அறுத்து, வெள்ளைச் சேலை கட்டிவிட வேண்டும். அந்த வெள்ளைச் சேலையை அக்காதான் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வாங்கிக்கொண்டு போன அதே கோடிச் சேலை. அவளே எனக்குக் கட்டிவிட்டாள். அப்போது தோட்டமே அங்கே நின்றுகொண்டிருந்தது. அவள் கட்டக் கூடாது என்று ஒருவர்கூடத் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். காமன் பொட்டலில் ஜனம் நிறைந்துவிட்டது. மன்மதன் வேஷக்காரன் தலையோடு வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு சாம்பலுக்குப் பக்கத்தில் பிணமாகப் படுத்திருந்தான். அவன் எழுந்ததும் எனக்குக் கட்டுவதற்காகச் சிவப்புப் பட்டு வந்திருந்தது. தலைவரின் மனைவி நேர்ந்துகொண்டு வாங்கிய சேலை. பூ, மஞ்சள் கயிறு, எல்லாம் தட்டில் இருந்தன. அக்காவை மட்டும் காணவில்லை.

வேஷம் கட்டும் கொட்டகைக்குள் தலைவர் வந்தார். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"தப்பா எடுத்துக்காத தம்பி. அக்காவ லயத்து வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டோம். இது மங்கல காரியம். சாமி எழும்புற நேரத்துல அந்தப் புள்ள கண்ணு படாம இருந்தா எல்லாத்துக்கும் நல்லது. சேலைய என் வீட்டுக்காரி கட்டிவிடுவா."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வெள்ளை கட்டிவிட அவள் வேண்டும், சிவப்புக் கட்டிவிட அவள் ஆகாதா? அவள் அழுத அழுகையை என் வாயால் கேட்டுத் துண்டை நனைத்தார்களே, அந்த அழுகை மட்டும் தோட்டத்துக்கு வேண்டுமா? இதையெல்லாம் நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. கொட்டகையில் இருந்த பொம்பளைகளைப் பார்த்துக் கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிறவர்கள். ஒருத்தி மட்டும், வழக்கம்தானே தம்பி, நாம என்ன செய்யிறது என்று முனகினாள்.

நான் வெளியே வந்து சாம்பல் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலையை அவிழ்க்க மாட்டேன் என்றேன். ரதி எழும்பாமல் காமன் எப்படி எழும்புவான் என்று பார்க்கலாம் என்றேன்.

பிறகு நடந்ததை வேறு சமயமாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லலாம். நோர்வூட் டவுனில் த்ரீவீல் ஓட்டுகிற சிவன், முகமெல்லாம் நீலச் சாயத்தோடு வந்து குந்திக்கொண்டு கெஞ்சினார். எமன் வந்து தாடையைத் தடவினார். துணிக்குள்ளிருந்து மன்மதன், "டேய், காலையிலயிருந்து பச்சத் தண்ணி குடிக்கல, சீக்கிரம் முடிவு பண்ணுங்கடா" என்று முணுமுணுத்தான். பிணம் பேசக் கூடாது என்று அவனை ஒருவர் அதட்டினார். தப்பு அடிக்கிறவர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டுக் குளிர் காயப் போய்விட்டார்கள். மலை மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் நெருங்க நெருங்கத் தலைவருக்கும் பதற்றம் ஏறியது. சாமி காரியத்தில் வீம்பு பண்ணுகிறேன், தோட்டத்துக்கு ஏதாவது ஆனால் நான்தான் பொறுப்பு என்று கத்தினார். வேறு ஒரு பையனுக்கு வேஷம் கட்டுங்கள் என்று யாரோ சொன்னார்கள். காப்பு என் கையில் இருக்கிறதே, எப்படிக் கட்டுவது?

கடைசியில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்காவைக் கூட்டிக்கொண்டு வர ஆள் அனுப்பினார்கள்! என்னைச் சமாதானப்படுத்த அவளால்தான் முடியும் என்றாராம் தலைவர். எந்தக் கண் படக் கூடாது என்று ஒதுக்கி வைத்தார்களோ, அந்த ஆளையே நடுப்பொட்டலுக்கு அழைத்து வரச் சொன்னார்கள். அவர்களுக்கு அது கொஞ்சம்கூட உறைக்கவில்லை.

அக்கா வந்தாள். வீட்டில் உடுத்திய சேலையோடு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் கல்லாகி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"இப்ப வந்திருக்கேனே, இது ஆகுமாங்க?"

தலைவர் தடுமாறினார். "இல்லம்மா, தம்பிய மட்டும் எழுப்பி விட்டுட்டு நீ போயிரலாம்" என்றார்.

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். அந்த இடத்தில் நான் எழுந்து என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவன எழுப்ப நான் வரலாம், சாமி எழும்புறத நான் பாக்கக் கூடாது. சரிங்க. அப்ப நானும் இங்கயே ஒக்காந்துக்கிறேன். எழுப்புறவங்க எழுப்பட்டும்."

சொன்னபடி என் பக்கத்தில் சாம்பலில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சேலையில் ரதி ஒருத்தி, பக்கத்தில் என் அக்கா. எத்தனை பேர் அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பேன். பார்த்தார்கள்தான், ஆனால் வாயைத் திறந்து நியாயம் பேச ஒருவருக்கும் மனசு வரவில்லை.

அசைந்தது தலைவரின் மனைவிதான். சேலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தார். "நேரமாகுது புள்ள, கட்டிவிடு" என்றார். மன்னிப்பு கேட்கவில்லை, கண்ணீர் விடவில்லை. புருஷன் முறைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அவருடைய நேர்த்திக்கடன் முடிய வேண்டும், அவ்வளவுதானோ என்னவோ. ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் காலை எடுத்து வைத்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

கொட்டகைக்குள் அக்கா வெள்ளையை அவிழ்த்து நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சிவப்பைக் கட்டும்போது, "வயித்த எக்குடா எரும" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டே, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இனிமே எனக்காக நீ தரையில ஒக்காராத. கூப்புடு, நானே வாறேன். எனக்கும் கோவம் வரும்டா. அந்த வீட்டுக்குள்ள ஒக்காந்து பொட்டல் சத்தம் பூராத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

வெளிச்சம் போவதற்குள் காமனை எழுப்பினோம். தப்பு முழங்கியது. துணியை விலக்கிக்கொண்டு மன்மதன் எழுந்தான், பசியில் கொஞ்சம் தள்ளாடித்தான் எழுந்தான். அக்கா முன் வரிசையில், எனக்கு நேர் எதிரே நின்றாள். தலைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதைப்படி சிவன் மன்மதனுக்கு உடம்பைத் திருப்பித் தருவதில்லை. "உலகத்தார் கண்ணுக்குத் தெரிய மாட்டான், ரதியே, உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்" என்றுதான் வரம் கொடுப்பார். சின்ன வயதிலிருந்து கேட்ட வரி. அன்றைக்கு அதைச் சிவன் சொன்னபோது நான் மன்மதனைப் பார்க்க வேண்டும், அதுதான் ஆட்டம். எனக்கு அக்காவைத்தான் பார்க்கத் தோன்றியது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, மச்சான் விழுந்த அந்தக் கவ்வாத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்கு மட்டும் உரியது.

புருஷனை இழந்தவளின் கண்ணுக்கு மட்டும் சாமி தெரிவார் என்று வருஷா வருஷம் பாடுகிற தோட்டம், புருஷனை இழந்த ஒருத்தியின் கண் பட்டால் சாமிக்கு ஆகாது என்கிறது. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது? அதோடு விட்டார்களா? சித்திரை மாதக் காற்றில் கோயில் கூரையில் ஒரு மரம் விழுந்தது. காற்றடித்தால் மரம் விழும், எங்கள் மலையில் அது என்ன புதுசா? அதற்கும் சில வாய்கள் அக்காவின் பக்கம் கையைக் காட்டின. கேள்விப்பட்டபோது கடையில் கையிலிருந்த சேலையைக் கசக்கிவிட்டேன். அக்கா போனில் சிரித்தாள். "மரத்துக்கு என் கண்ணு, காத்துக்கு யாரு கண்ணாம்?" என்றாள்.

இந்த வருஷம் மாசி பிறப்பதற்கு முன்னாலேயே தலைவர் எனக்குப் போன் எடுத்துக் கூப்பிட்டார். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் காப்புக் கட்ட வர வேண்டும் என்றார். வருகிறேன், வெள்ளையையும் சிவப்பையும் அக்காதான் கட்டிவிடுவாள், அதைக் கமிட்டியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள் என்றேன். இன்னும் போன் வரவில்லை. அக்கா அந்தக் கோடிச் சேலையைத் துவைத்து, கூத்துக்குப் பிறகு அவளிடமே தங்கிவிட்ட சிவப்புப் பட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறாள். ஆக்கி வைத்த சோறு ஆறிவிட்டது, மச்சானும் போய்விட்டார், என் கோபம் மட்டும் ஆறவில்லை. அக்கா அந்தப் பொட்டலில் யார் அனுமதியும் கேட்காமல் நிற்கிற நாள்வரை அது ஆறவும் வேண்டாம்.