பதினாறு விநாடி

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸாக இருந்தேன். அங்கிருந்த பவர் பிரஸ்கள் தகட்டையும் வெட்டும், விரலையும் வெட்டும். பத்து விரலோடு ஓய்வு பெற்றவர்கள் அபூர்வம். ஸ்ரீராம்புரத்துப் பாலசுப்ரமணியன் பத்து விரலோடு வெளியே போய்விட நினைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி வங்கி எழுத்தர் தேர்வு. 1997இல் எழுதவிருந்ததுதான் வயது வரம்புக்குள் அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

விகிதமும் சதவீதமும்தான் அந்தத் தேர்வில் அதிகம் வரும். யோசிக்க நேரம் கிடையாது. அதனால் பாலு பென்சில் தொடாமல் விடை சொல்லப் பழகினான். கேன்டீனில் யாராவது கேள்வியை வாசிப்பார்கள். இவன் இட்லியை மென்றபடியே பதில் சொல்வான். பேங்க் மேனேஜர் என்று கேலி செய்தார்கள். அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. அவனுடைய பக்கத்து இயந்திரத்தில் சந்தானம். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே பஸ்.

அந்த ஆண்டு ஆர்டர் கூடியது. உற்பத்தியை இருபத்தைந்து சதவீதம் உயர்த்தச் சொல்லி மேலிடம் நெருக்கியது. பிரஸ்ஸை ஆட்டோமேட்டிக்கில் போட்டால் இருபது விநாடிக்கு ஒருமுறை தானாக இறங்கும். அந்த இடைவெளிக்குள் வெட்டிய தகட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இனி எத்தனை விநாடி வைக்கலாம் என்று ஃபோர்மேன் ஓஸ்வால்ட் கேன்டீனில் வந்து பாலுவைக் கேட்டார். கால் பங்கு கூட்டணும்னா கால் பங்கு குறைக்கணும், பதினைந்து வைங்க என்றான் பாலு. கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை, பதினைந்து விநாடிக்கு மாற்றிவைத்த பிரஸ்ஸில் சந்தானத்தின் இடது கை மாட்டியது. கோணலாகக் கிடந்த தகட்டை நேராக்கக் கை நீட்டியிருக்கிறான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இயந்திரத்திலேயே தங்கிவிட்டன. பாலுதான் தூக்கி வந்தான். இருவர் சட்டையிலும் ரத்தம். கையை உயர்த்திப் பிடி என்று பாலுவிடம் சொல்லிவிட்டுக் கட்டை இறுக்கினேன். சந்தானம் உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தான். பாலு ஏதோ முணுமுணுத்தான்.

“பதினாறு.”

“இன்னாடா பதினாறு?” என்றான் சந்தானம்.

பாலு மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நூறு தகடு வெட்டிய நேரத்தில் நூற்றிருபத்தைந்து வெட்ட, ஒரு தகட்டின் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், நான்கில் ஒரு பங்கு வேண்டாம் என்று விளக்கினான்.

“பதினாறே போதும் மச்சான். நான் ஒரு விநாடி ஜாஸ்தி புடுங்கிட்டேன்.”

சந்தானம் பாலுவின் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டான். அவனை மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியேறும்போது சந்தானம் கேட்டருகே நின்றிருக்கிறான். இடது கையில் கட்டு, வலது கையில் இரும்புக் கம்பி.

“கணக்கு போட்ட கை எது குரு?” என்று பாலுவை மறித்தான்.

“கையால போடலடா. வாயால போட்டேன்.”

முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் போயின. அடுத்தது வலது மணிக்கட்டில். கீழே விழுந்தவனை அதே இடத்தில் இன்னொரு முறை அடித்த பிறகுதான் நால்வர் சேர்ந்து சந்தானத்தை இழுத்தார்கள்.

என் அறைக்கு வந்தபோது பாலுவின் மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பலகை வைத்துக் கட்டினேன். பஸ்ஸிலிருந்து விழுந்ததாக எழுதச் சொன்னான். கம்பியால் அடித்ததாகத்தான் எழுதினேன். போலீசிடம் அவன் பஸ் கதையையே சொன்னான்.

மாவுக்கட்டோடு தேர்வுக்குப் போனான். விடை வட்டங்களை இடது கையால் பென்சில் தீட்டிக் கறுப்பாக்கியிருக்கிறான். கோடு பக்கத்து வட்டத்துக்குள் ஓடும், அழிப்பான், திரும்பத் தீட்டுவான். அந்தப் பிரஸ் கணக்கு மாதிரிக் கேள்வி வந்ததா என்று பிறகு கேட்டேன்.

“வந்துச்சு சிஸ்டர். அதை மட்டும் பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டு எழுதினேன். ரெண்டு தடவ போட்டேன்.”

கடைசிப் பக்கங்களைத் திருப்புவதற்குள் தாளை வாங்கிவிட்டார்கள். முடிவு வந்தபோது அவன் எண் இல்லை.

எலும்பு கோணலாகக் கூடியது. பாலு வேலைக்குத் திரும்பியபோது சந்தானத்தைக் கேட்டில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்களின் பையைச் சோதிப்பது அவன் வேலை. பாலுவின் பையைத் திறந்து பார்த்தான்.

“எந்த மெஷின் குடுத்தாங்க?”

“உன்னோடது.”

சந்தானம் பையை மூடிக் கொடுத்தான்.